சுருட்டின் மணம் எங்கே பிறக்கிறது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. கடைச் சுருட்டை இவர்கள் தொடமாட்டார்கள். பாடம் செய்த முழுப் புகையிலையைக் கட்டுக்கட்டாக வரவழைத்து, மேசையில் ஒரு பலகையைப் போட்டுத் தாங்களே சுற்றிக்கொள்வார்கள். சிலர் வீட்டுக் கொல்லையில் செடி வளர்ப்பதும் உண்டு. கை கொஞ்சம் பழகிவிட்டால் அடுத்த ஆசை தொற்றிக்கொள்ளும்: மணம் சேர்க்க வேண்டும். ரம், வெனிலா, காப்பி, கிராம்பு, தேன் என்று வீட்டில் இருக்கிற புட்டிகளெல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

பலருக்கும் முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். ரம் வாசனை பெட்டியைத் திறக்கும்போது தூக்கலாக இருக்கும், இரண்டு நாள் வெளியில் வைத்தால் காணாமல் போகும். தேன் தடவியது கரிந்து கசக்கும். ஈரமாக மூடிவைத்தது பூசணம் பூக்கும். சேர்த்த பொருளில் குறையில்லை. சுருட்டின் மணம் பெரும்பாலும் புட்டியிலிருந்து வருவதில்லை. செடியிலிருந்து வெட்டிய இலை எப்படிச் சாகிறது, செத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் அது பிறக்கிறது. அந்த இலை வீட்டுக்கு வந்து சேரும்போது கதையில் முக்கால் பங்கு முடிந்திருக்கும்.

நம் பக்கத்தில் சுருட்டுச் சுற்றுவது பொழுதுபோக்காக இருந்ததில்லை, பிழைப்பாக இருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலையை வைத்து உறையூரில் சுற்றிய திருச்சிச் சுருட்டு, விக்டோரியா மகாராணி காலத்திலேயே கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்று திண்டுக்கல் விவசாயிகள் பெயரிட்டு வளர்த்த புகையிலை ரகங்கள் உண்டு. வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில், வரிசையாக உட்கார்ந்து சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் பத்திரிகையும் கதையும் உரக்க வாசிப்பார். ஹவானாவின் சுருட்டு ஆலைகளிலும் 1865-இலிருந்து இதே வழக்கம் இருக்கிறது. அங்கே விரும்பிக் கேட்ட ஒரு நாவலின் பெயர்தான் ‘மான்டே கிறிஸ்டோ’ என்ற சுருட்டுக்கு வந்தது. காதும் மனமும் சும்மா இருக்க, கை மட்டும் ஓடுகிற வேலை அது.

புகையிலை, கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். புகையிலையின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நிகோடினை அது நமக்காகச் செய்யவில்லை, தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்காகச் செய்கிறது. பூச்சியின் நரம்பு மண்டலத்தில் அசெட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தில் நிகோடின் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைக் குழப்பிவிடும். இந்த நஞ்சு இலையில் உருவாகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1942-இல் ரே டாசன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒட்டுக்கட்டிப் பார்த்த சோதனை முடிவுகளை வெளியிட்டார். புகையிலை வேரின்மேல் தக்காளித் தண்டை ஒட்டினார். தக்காளி இலையில் நிகோடின் வந்தது. தக்காளி வேரின்மேல் புகையிலைத் தண்டை ஒட்டினார். புகையிலை இலையில் நிகோடின் சேரவில்லை. ஆக, நிகோடின் சமைக்கும் அடுப்படி வேர். அங்கிருந்து நீரோடு ஏறி வந்து இலைச் செல்களில் தங்குகிறது. இலையைப் புழு கடித்தால் ஜாஸ்மோனேட் என்ற சேதி வேருக்குப் போய், உற்பத்தி கூடுகிறது. பூங்கொத்து வரும்போது விவசாயி நுனியைக் கிள்ளிவிடுவதும் செடிக்கு ஒரு காயம்தான். நுனி கிள்ளிய செடியின் இலையில் காரம் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வெட்டிய இலைக்கு வருவோம். சுருட்டுக்கான இலையைக் காற்றோட்டமான கொட்டகையில் நிழலில் தொங்கவிடுவார்கள். ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். இது வெறுமனே உலர்த்துவது அல்ல. வெட்டிய இலை உடனே சாவதில்லை. பல நாள் உயிரோடு பட்டினி கிடக்கிறது. கையிருப்பில் இருந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் சுவாசித்துத் தீர்க்கிறது. பச்சையம் சிதைந்து, அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிறகு செல் சவ்வுகள் உடைந்து, உள்ளிருந்த பாலிஃபீனால்கள் நொதிகளோடு கலந்து இலை பழுப்பாகிறது. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுக்கிறதே, அதே வேதிவினை.

சிகரெட்டுக்கான இலையில் பெரும்பகுதி போகிற பாதை வேறு. அதைச் சூளையில் வைத்து ஒரு வாரத்துக்குள் பதப்படுத்திவிடுகிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய கட்டத்தில் வெப்பத்தை ஏற்றி இலையைக் கொன்றுவிடுவதால், அந்தச் சர்க்கரை செலவாகாமல் அப்படியே தங்கிவிடுகிறது. சுருட்டு இலையில் சர்க்கரை அநேகமாக மிஞ்சுவதே இல்லை.

இந்த ஒரு வித்தியாசம்தான் இரண்டையும் புகைக்கிற முறையையே பிரிக்கிறது. சர்க்கரை எரிந்தால் அமிலங்கள் வரும். சிகரெட் புகை அமிலத்தன்மையோடு இருக்கும். புகையின் பி.எச். மதிப்பு 6 என்றால், நிகோடினில் நூற்றுக்கு ஒரு பங்குதான் மின்னேற்றமில்லாமல் இருக்கும். மின்னேற்றம் பெற்ற நிகோடின் வாய்ச் சவ்வை எளிதில் கடக்காது. நுரையீரலின் பரந்த பரப்புக்குக் கொண்டுபோனால்தான் உடம்பில் சேரும். சுருட்டில் சர்க்கரை இல்லை. புரதம் சிதைந்து வந்த அம்மோனியா இருக்கிறது. புகை காரத்தன்மை அடைந்து பி.எச். 8-ஐ எட்டினால், நிகோடினில் பாதி மின்னேற்றமில்லாமல் இருக்கும். அது கன்னத்தின் உட்புறத்திலேயே ஊறி ரத்தத்தில் கலந்துவிடும். சுருட்டுக்காரர் புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்து ஊதுவதை ஏதோ நாசூக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அவருக்கு உள்ளே இழுக்கத் தேவையில்லை, இழுத்தால் தொண்டை தாங்கவும் தாங்காது.

உலர்ந்த இலைக்கு இன்னும் சுருட்டு மணம் வந்திருக்காது. பச்சை நெடியும் அம்மோனியாவும்தான் வீசும். அடுத்து லேசாக ஈரமாக்கி அம்பாரமாக அடுக்குகிறார்கள். ஈரமான வைக்கோற்போருக்குள் கை விட்டால் சுடுமே, அதுபோல இந்த அம்பாரமும் தானாகச் சூடேறும். நுண்ணுயிரிகளும் மிச்சமிருக்கும் நொதிகளும் தொடங்கிவைக்கிற சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அளவு மீறினால் இலை வெந்து வீணாகிவிடும் என்பதால், அம்பாரத்தைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். அம்மோனியா வெளியேறுகிறது. நிகோடினும் ஓரளவு குறைகிறது. அமினோ அமிலங்களும் மிஞ்சிய துளிச் சர்க்கரையும் சேர்ந்து, ரொட்டி சுடும்போதும் காப்பிக்கொட்டை வறுக்கும்போதும் எழுகிற வகை மணப்பொருள்களைத் தருகின்றன. இலையின் மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் துண்டுபட்டு அயனோன், டமாஸ்கினோன் போன்றவை உருவாகின்றன. டமாஸ்கினோன் ரோஜா எண்ணெயிலும் இருக்கிறது. இலைமேல் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிற சுரப்பி மயிர்களின் பிசின்கூட உடைந்து மணமாகிறது. சுருட்டுப் பெட்டியைத் திறந்தால் வருகிற அந்தக் கனத்த இனிய வாசம் முழுக்க இப்படிச் சிதைவில் வந்தது. யாரும் ஊற்றியது அல்ல.

வீட்டில் செடி வளர்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சூடு உண்டாவது குவியலின் கன அளவைப் பொறுத்தது, சூடு வெளியேறுவது மேற்பரப்பைப் பொறுத்தது. பெரிய அம்பாரத்தில் சூடு சிக்கிக்கொள்ளும்; இரண்டு கிலோ இலையில் உண்டான சூடு உடனுக்குடன் வெளியேறிவிடும். எத்தனை மாதம் வைத்தாலும் அது புளிக்காது. இதற்காக அவர்கள் காப்பிட்ட பெட்டியொன்றில் 50 டிகிரி வெப்பமும் ஈரமும் நிலையாக இருக்கும்படி செய்து, ஒரு மாதம் போல இலையை உள்ளே வைக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனாலும் பெரிய அம்பாரத்தின் ஆழம் அதில் வருவதில்லை என்பது அவர்களே ஒத்துக்கொள்கிற விஷயம்.

சுற்றுவதில் கைத்திறன் இருக்கிற அளவுக்கு இயற்பியலும் இருக்கிறது. நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு: நடுவே நிரப்பும் இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேல் அழகான மெல்லிய இலை. காய்ந்த புகையிலை தொட்டால் நொறுங்கும். லேசாக ஈரம் காட்டிப் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே நடுநரம்பை உருவ முடியும். உருவினால் இலை இரண்டு பாதியாகும். மேலே சுற்றும்போது வலப்பாதியை ஒரு திசையிலும் இடப்பாதியை எதிர்த்திசையிலும் சுற்ற வேண்டும். அப்போதுதான் கிளை நரம்புகள் புடைக்காமல், சுருட்டின் நீளவாக்கில் ஓடும். கியூபாவின் தேர்ந்த கைகள் நிரப்பும் இலைகளை மடிப்பதில்லை. ஒவ்வொன்றையும் சின்னக் குழாயாகச் சுருட்டி, குழாய்களை ஒன்றாகச் சேர்க்கின்றன. காரணம் எளிது. குழாய்க்குள் போகும் காற்றின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது: ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். புதிதாகப் பழகுகிறவர் கொஞ்சம் இறுக்கிச் சுற்றிய சுருட்டு ஒரேயடியாக அடைத்துக்கொள்வது இதனால்தான். தளர்த்திச் சுற்றினாலோ வேகமாக எரிந்து, சூடேறி, நாக்கைப் பொசுக்கும்.

முடித்த சுருட்டை வைக்கும் பெட்டிக்கு ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் மணப்பொருள்கள் பறந்துவிடும், மேலே போனால் பூசணம் வரும். ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஓர் அருமையான வீட்டுச் சோதனை இருக்கிறது. புகையிலை பக்கமே போகாதவர்களும் செய்து பார்க்கலாம். ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டுச் சேறுபோலக் குழையுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கரையாத உப்பு மிச்சமிருக்கும் வரை கரைசலின் செறிவு மாறாது. செறிவு மாறாவிட்டால் அதன்மேல் நிற்கும் நீராவியின் அளவும் மாறாது.

பெட்டிக்கு இன்னொரு எதிரி புகையிலை வண்டு. நம் வீட்டு மிளகாய்த் தூளையும் மஞ்சளையும் துளைக்கிற அதே வண்டுதான். பூச்சிகளைக் கொல்லப் பிறந்த இலையைத் தின்று அது எப்படிப் பிழைக்கிறது? அதன் குடலையொட்டிய பைகளில் வாழும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை நஞ்சை முறிக்க உதவுகிறது. வீட்டுச் சுருட்டுக்காரர்கள் இலையை உறைநிலைப் பெட்டியில் வைத்தெடுத்து இதன் முட்டைகளைக் கொல்கிறார்கள்.

இப்போது ரம் புட்டிக்குத் திரும்பலாம். மணம் சேர்க்க இரண்டு வழி. ஒன்று, கரைசலை இலையில் தெளிப்பது அல்லது இலையை நனைப்பது. யாழ்ப்பாணத்துக் கோடா இந்த வகை: புகையிலைச் சாற்றோடு இனிப்பும் சேர்த்துக் காய்ச்சி இலைக்குப் போடுவார்கள். இன்னொன்று, மூடிய ஜாடியில் சுருட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் ரம்மையோ காப்பிக்கொட்டையையோ வைத்து ஆவியை ஏறவிடுவது. எந்தப் பொருளுக்கு எந்த வழி என்பதை அதன் ஆவியாகும் தன்மை தீர்மானிக்கிறது. சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். அதனோடு சேர்ந்த பழவாசனை எஸ்டர்களும் எளிதில் பறப்பவை. இவை ஜாடியில் சீக்கிரம் ஏறும், வெளியே எடுத்தால் சீக்கிரம் இறங்கும். கிராம்பின் யூஜினால் 254 டிகிரியில் கொதிப்பது, நின்று மணக்கும். வெனிலின் கொதிநிலை 285. பக்கத்தில் வைத்தால் அது நகர்ந்து வருவது மிகக் குறைவு. சாராயத்தில் கரைத்து இலைமேல் தெளித்தாக வேண்டும்.

பற்றவைத்த பிறகு நடப்பது இன்னும் சுவையானது. நுனியில் கனல் பல நூறு டிகிரி; அங்கே எந்த வாசனையும் பிழைக்காது. ஆனால் கனலுக்குச் சற்றுப் பின்னால் வெப்பம் குறைந்த ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பொருள்கள் எரிவதற்கு முன் ஆவியாகிப் புகையோடு வாய்க்கு வந்துவிடுகின்றன. மென்தால், வெனிலின் போன்றவை பெரும்பாலும் உருமாறாமல் இப்படித் தப்பி வருகின்றன. இனிப்பு அப்படித் தப்பாது. சர்க்கரையோ அதிமதுரத்தின் கிளிசிரைசினோ ஆவியாகாது, சிதையும். எனவே ‘இனிப்புச் சுருட்டு’ என்பது உதட்டில் படும் நுனியில் தடவிய இனிப்புதான். புகையில் இனிப்பு கிடையாது. கருப்பட்டிப் பாகு தடவிய இலை எரியும்போது வருவது அசிட்டால்டிஹைடு, ஃபர்ஃபுரால், சில அமிலங்கள். அமிலங்கள் புகையின் காரத்தன்மையைச் சற்று இறக்கி, தொண்டையில் காறலைக் குறைக்கின்றன. ‘கோடா போட்டால் புகை மெதுவாகும்’ என்பதற்குப் பின்னால் இருக்கிற வேதியியல் இவ்வளவே.

டொங்கா விதை என்று ஒன்றைச் சிலர் சிபாரிசு செய்வார்கள்; வெனிலாவும் புதிதாய் அறுத்த புல்லும் கலந்த வாசம். அதன் மணம் கூமரின். ஈரலுக்குக் கெடுதல் என்று அமெரிக்கா 1954-இலேயே அதை உணவில் தடை செய்துவிட்டது. சாப்பிட உகந்த வாசனைப் பொருள் புகைக்கவும் உகந்தது என்ற கணக்கே தப்பு. சாப்பிட உகாததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த கருநிறச் செதில் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். திருச்சிக்காரர்களுக்குப் பெருமைதான். ஆனால் கருஞ்சாம்பல் என்பது கரி முழுதாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். இலையில் கரிம அமிலங்களோடு சேர்ந்த பொட்டாசியம் நிறைய இருந்தால் கனல் அணையாமல் ஊர்ந்து போகும். கால்சியமும் மக்னீசியமும் சாம்பலை வெளுப்பாக்கும். குளோரைடு ஏறினால் எரிதல் தடைப்படும். உவர்நீர் பாய்ந்த, குளோரைடு உரம் போட்ட நிலத்து இலை அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். மெல்லும் புகையிலைக்கு இது ஒரு குறையல்ல, சுருட்டுக்குக் குறை. மண், தண்ணீர், உரம் மூன்றும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்போது, ஒரே பார்வையில் ஊர்ப் பெயர் சொல்வது கதையில்தான் நடக்கும். சாம்பலுக்குச் சாம்பல் வேறுபாடு உண்டு என்ற மட்டில் ஹோம்ஸ் சொன்னது சரி.

இத்தனையையும் ரசித்து எழுதிவிட்டு, மணம் பிறக்கும் அதே அம்பாரத்தில் வேறொன்றும் பிறக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இலையிலுள்ள நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிகோடினோடும் அதன் உறவினப் பொருள்களோடும் சேர்ந்து புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களாகிறது. என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ‘என் சுருட்டில் ரசாயனம் எதுவும் கிடையாது, வெறும் இலை’ என்று வீட்டில் சுற்றுகிறவர் சொல்லும்போது நான் சிரித்துக்கொள்வேன். இந்த நச்சுகளை யாரும் ஊற்றவில்லை, மணத்தைப் போலவே. புகையை உள்ளே இழுக்காததால் நுரையீரலுக்குப் போகிற பங்கு குறையலாம். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. வட ஆந்திரக் கடலோரக் கிராமங்களில், நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா என்ற சுருட்டைப் புகைக்கும் பெண்களுக்கு அண்ணத்தில் வரும் புற்றுநோயை மருத்துவ நூல்கள் தனியாகவே விவரிக்கின்றன. பெரிய சுருட்டொன்றில் 5 முதல் 17 கிராம் வரை புகையிலை இருக்கும். சிகரெட்டில் ஒரு கிராம்கூட இராது. வெனிலா மணம் இந்தக் கணக்கில் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைப்பதில்லை. அது செய்வது ஒன்றுதான்: தொண்டை தருகிற எச்சரிக்கையை மறைப்பது. அமெரிக்கா 2009-இல் மென்தால் தவிர்த்த மணச் சிகரெட்டுகளைத் தடை செய்தது. மணச் சுருட்டுகளையும் தடை செய்ய 2022-இல் முன்வைத்த விதி 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இதையெல்லாம் படித்தும் யாராவது இலை வாங்கிச் சுற்றிப் பார்க்கத்தான் போகிறார்கள் என்றால், அவர்களுக்கு ஒன்று. நிகோடின் நீரில் கரையும், தோல் வழியாக உடம்பில் ஏறும். பனி ஈரத்தில் புகையிலை பறிக்கும் கூலியாட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். அதற்குப் பச்சைப் புகையிலை நோய் என்றே பெயர். ஈர இலையையும் கோடாவையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலை ஊறிய தண்ணீரைச் சமையலறையில் வைக்காதீர்கள். ஒரு குழந்தை இரண்டு மடக்குக் குடித்தாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.